மாப்பிள்ளை வண்டி

ஆறடி உயர மாப்பிள்ளை, முழங்கால் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்க, ஒரு பழைய பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். அதுவும் கொச்சி மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில், செகண்ட் ஹேண்ட் வண்டிக் கடை வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க. சங்கரலிங்கத்துக்கு ரத்தம் தலைக்கேறியது.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். மகள் ஸுப்ரியாவுக்குச் செய்யும் சீரோடு மாப்பிள்ளைக்குப் புது பைக்கும் உண்டு என்று அவர் பஜார் முழுக்கச் சொல்லியிருந்தார். எந்த வண்டி பிடிக்கும் என்று கேட்டதற்கு, "பார்க்கலாம் மாமா" என்றதோடு நிறுத்திக்கொண்டான் அருண்பாண்டி. பார்த்த லட்சணம் இதுதானா?

"எறங்குங்க மாப்ளே! மூணு தலைமுறையா இந்த ஊர்ல மிளகுக் கடை வச்சிருக்கோம். எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு எவனோ ஓட்டிக் கழிச்ச வண்டியா?"

அருண்பாண்டி இறங்கவில்லை. இரண்டு பாதங்களையும் தரையில் முழுக்க ஊன்றிப் பார்த்தான். "ஷாஃபிக்கா, சீட்டு இதவிடத் தாழ்ந்தது உண்டா? கனமும் கொறவா வேணும்."

"அந்தக் கறுப்பு வண்டி நோக்கு," என்று கை காட்டினார் கடைக்காரர் ஷாஃபி. பிறகு சங்கரலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். "சேட்டா, சூடாவாதீங்க. ஒரு சாயா சொல்லட்டா? ஓட்டப் படிக்கற ஆளுக்குப் பழசுதான் நல்லது. ரெண்டு தடவ கீழ விழாம யாரு படிச்சா?"

"ஓட்டப் படிக்கற ஆளா?" சங்கரலிங்கம் வருங்கால மருமகன் பக்கம் திரும்பினார். பெண் பார்க்க வந்த அன்று, தினமும் வல்லார்பாடத்துக்கு பைக்கில்தான் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னவன் இவன். "அப்போ என் வீட்டுல உக்காந்து, என் பலகாரத்தத் தின்னுக்கிட்டு, பொய்யா சொன்னே?"

"பொய்யில்ல மாமா. தினமும் பைக்குலதான்..."

"பேசாதே! ஓட்டத் தெரியாதவன் எதுக்கு அளக்கணும்? இன்னும் என்னென்ன மறைச்சு வச்சிருக்கே?"

எதிர்க் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சங்கரலிங்கத்தின் குரல் இன்னும் உயர்ந்தது.

"இந்தத் தகரத்துக்கு என் கையால ஒத்தப் பைசா தர மாட்டேன், கேட்டுக்கோ!"

"நீங்க தர வேணாம். நானே வாங்கிக்கறேன் மாமா."

அதுதான் அவரைக் கொன்றது. "மாமனார் வக்கில்லாதவன், மாப்பிள்ளையே பழைய வண்டி வாங்கிக்கிட்டான்னு ஊர் பேசணும். அதானே உன் திட்டம்? இந்தக் கல்யாணமே வேண்டாம்!"

போனை எடுத்து, கல்யாண மண்டபத்துக்காரரின் எண்ணைத் தேடி அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

அருண்பாண்டி வண்டியை விட்டு இறங்கி வந்து, அவர் கையிலிருந்த போனை மெல்ல வாங்கி அணைத்தான்.

"ஓட்டப் படிக்கிறது ஸுப்ரியா, மாமா, இது நான் அவளுக்குப் போடற பரிசம்."