அம்பு ஸ்டிக்கர்

பதினோராவது அம்பு வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

மக்பூல் அகமது அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். பழைய வெள்ளைக் காரின் கதவில் பெயிண்ட் உரிந்த இடத்துக்கெல்லாம் அவர் மனைவி ரஃபத் ஜஹான் காலையிலேயே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஷூ கம்பெனியில் பழுதுக்கு ஒட்டுகிற அதே ஸ்டிக்கர்.

விரலால் தடவித் தடவியே ஒட்டினாள். மிளகு அளவுக் கொப்புளத்தைக்கூட விடவில்லை. ஆனால் இரண்டு மூன்று அம்புகள் மட்டும் பழுதைக் காட்டாமல் ஆகாயத்தைக் காட்டின. அவசரக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

ஆம்பூரில் பதினெட்டு வருஷமாக ஃபைனல் செக்கிங் டேபிளில் நிற்பவள். நிக்காஹ் முடிந்து முதன்முதலாக முகம் பார்த்தபோது அவள் பார்த்தது அவர் முகத்தை அல்ல, ஷெர்வானி காலரில் விட்டிருந்த தையலை. அதை இன்றைக்கும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இப்போது பேஜார்.

போன மாதம் வெளிநாட்டுக்குப் போன இரண்டு பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. ஒரே ஜோடியில் இடது கால் ஒரு பழுப்பு, வலது கால் வேறு பழுப்பு. இரண்டும் அவள் டேபிளில் பாஸ் ஆன சரக்கு. இன்னொரு பெட்டி திரும்பினால் பேக்கிங்குக்குப் போகவேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

"அங்க லைட்டு கம்மி. நான் இன்னா பண்றது?" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

மக்பூலுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கம்பெனி மேனேஜர் ஷாஹித் அவருடைய பள்ளிக்கூடத்து தோஸ்த். திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது. கேட்கப்போகிற வார்த்தைகூடத் தயார். ரஃபத் கண்ணுக்குத் தப்பி ஊசிமுனை போகாது, ட்யூப்லைட்டை மாற்று, ஆளை மாற்றாதே.

நாளைக்குத் திங்கள்.

உரிந்த கதவோடு போய் இறங்கி நியாயம் பேசினால் யார் மதிப்பார்கள்? அதனால்தான் இந்தப் பாடு. வேலூர் லாங் பஜாருக்குப் போய், கார்க்கதவின் உள்ளோரத்தில் இருந்த பெயிண்ட் நம்பரைச் சொல்லி, அதே வெள்ளையில் ஒரு சின்னச் சீசா வாங்கிவந்திருந்தார். காலையிலிருந்து வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தவர்தான்.

உரிந்த ஓரங்களைப் பிளேடால் சுரண்டினார். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தார். துடைத்தார், பூசினார், காயவிட்டார், மறுபடியும் தேய்த்தார். ஒவ்வோர் இடமும் முடிய முடிய, அதன் அம்பை உரித்துத் தன் லுங்கியில் முழங்கால்மேல் ஒட்டிக்கொண்டார்.

பதினோராவதையும் உரித்து ஒட்டியபோது முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. நாலு மணி வெயில் நேராகக் கதவில் விழுந்தது.

உள்ளே மகள் இஃப்ரா போனில் வந்த செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக அது ஒரு வழக்கம். செய்தி வரும்போதெல்லாம் அம்மாவுக்குக் கை ஈரமாக இருந்தது.

தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தட்டுகிறதா என்று கேட்கத்தான் ரஃபத்தைக் கூப்பிட்டார். அந்த விஷயத்தில் அவள் விரலை மிஞ்ச ஆளில்லை.

துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கதவுக்கு முன் குனிந்தாள். இரண்டு விரல்கள் கைப்பிடியில் தொடங்கிக் கீழே இறங்கின. அங்கங்கே நின்றன, ஒரு வட்டம் போட்டன, நகர்ந்தன. பதினோரு இடத்தில் ஒன்றையும் விடவில்லை. மக்பூலுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் கையைப் போய்ப் பேக்கிங்குக்கு அனுப்புவானாம்.

பிறகு அவள் ஓரடி பின்னால் நகர்ந்து, இடுப்பில் கைவைத்து, கதவை முழுசாகப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. இந்த மாதத்தில் அவள் முகம் மலர்ந்தது இதுதான் முதல் தடவை.

"பாஸ்! எங்க உரிஞ்சிருந்துச்சுன்னே தெரியலங்க. வெள்ளை அப்படியே சேர்ந்துபோச்சு."

மக்பூல் சிரிக்க வாய் திறந்தார். கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. கணவன் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த சந்தோஷம் மட்டுமே இருந்தது.



குனிந்து முழங்காலைப் பார்த்தார். அங்கே பதினோரு அம்புகள் ஆளுக்கொரு பக்கம் காட்டிக்கொண்டிருந்தன.

டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். நாளைக்கு ஷாஹித்திடம் சொல்ல வைத்திருந்த வார்த்தையை அவர் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பாதிக்கு மேல் போகமுடியவில்லை.

வெள்ளைக் கதவில் பதினோரு இடத்திலும், எட்டணா அளவுக்கு, பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற கறுத்த சாம்பல் பிரைமர் மட்டுமே இருந்தது. வெள்ளைச் சீசா இன்னும் மூடி திறக்காமல் அவர் சட்டைப் பையில் இருந்தது.