மீன் சாப்பிட்டுச்சா?

"அக்கா, மீன் சாப்பிட்டுச்சா?"

போனை எடுத்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி. தினமும் இதேதான். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாப்பிட்டுச்சுடா."

"அம்மா கையாலதானே?"

"ஆமா, ஆமா."

"அப்பாடா! வச்சிடறேன்க்கா."

வைத்தேவிட்டான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா சொன்னது முழுப் பொய் என்பதும் அவனுக்குத் தெரியாது.

அம்மா நேற்று மதியம் படுத்தவள், வழக்கமான மஞ்சள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் சுவரைப் பார்த்தே கிடந்தாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அப்பா போன பிறகு இப்படித்தான். அக்காவும் ஒரு குறை வைக்கவில்லை. சாப்பாடு, மாத்திரை, வெந்நீர் எல்லாம் கட்டிலுக்கே போய்விடும். "நீ அசையாம படும்மா, நான் இருக்கேன்ல" என்பாள்.

கூடத்தில் மீன் தொட்டியின் மூடியை 'டங்'கென்று முட்டியது. பசி.

கை நீளத்துக்கு வேட்டை மீன். வாய் நிறைய ஊசிப் பல். வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது, சோபா இருந்த இடத்தில் இந்தத் தொட்டியை வைத்து அம்மா தலையில் கட்டிவிட்டுப் போனான் தம்பி.

அது அம்மா கொடுத்தால்தான் தின்னும். இடுக்கியில் இறாலைப் பிடித்துக்கொண்டு அக்காவும் எத்தனையோ தடவை நின்று பார்த்துவிட்டாள். மீன் துரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். போன வாரம் பாய்ந்த வேகத்தில் இடுக்கியோடு அம்மாவின் விரலையும் பதம் பார்த்துவிட்டது. இன்றைக்கு விரல், நாளைக்கு?

மீனை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, தம்பிக்குத் தெரியாமல் வளர்ப்பு மீன் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டாள்.

பெரிய பெட்டியும் வலையுமாக வந்தவர் தொட்டியைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, இவனா! எங்க கடையில வளர்ந்தவனாச்சே."

"என்னங்க பழக்கி விட்டிருக்கீங்க? எங்கம்மாவைத் தவிர யார் கொடுத்தாலும் தொட மாட்டேங்குது."

"நான் எங்கேம்மா பழக்கினேன்? எல்லாம் உங்க தம்பி வேலை. தினமும் கடைக்கு வந்து, ஒரு மஞ்சள் சால்வையைப் போத்திக்கிட்டுதான் தீனி கொடுப்பாரு. சால்வை இல்லாம எங்களை யாரையும் கொடுக்க விடமாட்டாரு. மஞ்சளைக் கண்டாத்தான் சாப்பாடுன்னு அதுக்கு மனசுல பதியணுமாம். நாங்கள்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதுக்கு அப்படி?"

"நானும் கேட்டேன். 'யார் கூப்பிட்டாலும் எங்கம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கறதில்ல. ஆனா தன்னை நம்பி ஒரு உயிர் பட்டினி கிடந்தா, அவங்களால படுத்திருக்க முடியாது'ன்னாரு."

"இதை என்கிட்ட ஏன் சொல்லல அவன்?"

கடைக்காரர் வலையைப் பிரிப்பதும் மடிப்பதுமாகக் கொஞ்சம் தயங்கினார்.

"சொன்னா, நீங்களே சால்வையைப் போத்திக்கிட்டு கொடுத்துடுவீங்களாம். 'அம்மாவை எழுப்ப எங்கக்காவுக்கு மனசு வராது'ன்னாரு."

அக்கா அம்மாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் அம்மா பாதி எழுந்து உட்கார்ந்தாள். "மீனுக்குக் கொடுத்தாச்சும்மா, நீ படு" என்று பொய் சொல்லிப் படுக்க வைத்ததே அவள்தான்.

படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

"அம்மா... மீன் நேத்துலேந்து பட்டினிம்மா."

அம்மா அசையவில்லை. காலம் கடந்துவிட்டதோ? இனி அம்மா எதற்கும் எழுந்திருக்கவே மாட்டாளோ?

"அம்மா!"

சால்வை மெல்ல விலகியது.

"நேத்துலேந்தா? கொடுத்தாச்சுன்னு சொன்னியேடி!"

அம்மாவின் கால் தானாகச் செருப்பைத் தேடியது. கை பிடிக்கப் போன அக்கா, பிடிக்காமல் நின்றுகொண்டாள்.

"சும்மா நிக்காத. போய் இறாலைக் கழுவி வை" என்று சொல்லிக்கொண்டே அம்மா கூடத்துக்கு நடந்தாள். கடைக்காரர் வழிவிட்டு ஒதுங்கி, பெட்டியை மூடினார்.

போன் அடித்தது.

"அக்கா, மீன் சாப்பிட்டுச்சா? காலையில உன் குரலே சரியில்ல, அதான்..."

அக்கா கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எழுந்துட்டாங்கடா" என்றாள்.