கோரைக்குப் போட்ட உப்பு

நவீத் வேலை பார்க்கும் தோல் பதனிடும் டேனரியில், கெடாமலிருக்கப் பச்சை மாட்டுத்தோலில் தடவி வந்து உதறிய உப்பு மூலையில் குவிந்து கிடக்கும். அதில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வீட்டுத் தோட்டத்துக் கோரையின் மேல் கொட்டினான். எத்தனை தரம் பிடுங்கினாலும் கிழங்கிலிருந்து திரும்ப முளைத்த கோரை, நாலே நாளில் கருகியது. கூடவே கத்தரிச் செடிகளும் போயின.

பத்தாம் நாள் அதே இடத்தில் வேறொன்று முளைத்திருந்தது. கறுப்பாக, மெல்லிசாக, எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது.

"கோரை ஒழிஞ்சுதுன்னு பார்த்தா, இது இன்னாங்க புதுசா?" என்றாள் மனைவி தபஸ்ஸும்.

நவீத் ஒன்றைப் பிடுங்கினான். கிழங்கில்லை, வேரில்லை. அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு மட்டும். பன்னிரண்டு வருஷமாகத் தோலிலிருந்து முடி எடுக்கிறவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"தெரியல" என்றான்.

அவள் உள்ளே போனதும் ஒரு கொத்தைச் சேர்த்து இழுத்தான். ஈ உட்கார்ந்த மாட்டின் முதுகுபோல மண் ஒருதரம் சிலிர்த்து அடங்கியது. வீட்டுக்குள் பாத்திரங்கள் உருண்டன.

"ஏங்க, வீடு ஆடுதுங்க!"

அவன் பிடுங்கியதை ஒவ்வொன்றாக அதே துளைகளில் திரும்பச் செருகிக்கொண்டிருந்தான். உள்ளங்கைக்குக் கீழே மண் வெதுவெதுப்பாக இருந்தது. மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.