நாலாவது அட்ரஸ்

தோல் சீவும் கத்தியை மச்சான் தமிழ்வேந்தனின் கழுத்தில் வைத்து அழுத்தினான் புகழேந்தி. ஆம்பூரில் இருவரும் சேர்ந்துதான் தோல் கம்பெனி நடத்துகிறார்கள்.

"மூணு தபா பிட்காயின்ல பணம் வந்துச்சு. மூணும் வேற வேற அட்ரஸுக்குப் போயிருக்கு. எவன் கணக்குக்குடா திருப்பி வுட்ட?"

"ஐயோ, இல்ல மாமா! நம்ம தோலுக்கு லாட்டுக்கு லாட் நம்பர் மாத்துறோமே, அது மாதிரிதான் இதுவும் தபாவுக்குத் தபா..."

"எனக்கே தோல் யாவாரம் சொல்லித் தர்றியா?"

கத்தி இறங்கியது. பக்கத்தில் தோல் ஊறிய தொட்டியின் சுண்ணாம்புத் தண்ணீர் சிவந்தது.

துடிப்பு அடங்காத அவன் விரலை அழுத்தியே அவனுடைய செல்போனைத் திறந்தான் புகழேந்தி. கம்பெனிப் பெயரிலிருந்த ஒரே கணக்கில், மூன்று தொகைகளும் சல்லிக்காசு குறையாமல் கிடந்தன.

'பணம் பெற' என்பதைத் தொட்டான்.

அதே கணக்கு, நான்காவதாக ஒரு புது அட்ரஸைக் காட்டியது.