நுணாதான்

கண்ணாயிரத்தின் வீட்டு வாசலில் பேராசிரியர் ஞானசேகரன் செருப்பைக் கழற்றினார். மச்சான் வீட்டுக்கு அவர் வந்து இருபத்துமூன்று வருடங்கள் ஆகியிருந்தன.

கடலூர் முதுநகரில் படகுகளுக்கு ஐஸ் விற்கும் கண்ணாயிரம், மடித்துக் கட்டிய லுங்கியை அவசரமாக இறக்கிவிட்டார். பேராசிரியரின் பக்கத்தில் அக்கா மங்கலம் நிற்பதைப் பார்த்ததும், யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்.

பின்னால் ஆராய்ச்சி மாணவி சந்திரலேகா, சுருட்டிய பெரிய தாளை அணைத்தபடி நின்றாள். அவளைச் சிதம்பரத்திலிருந்து சாட்சிக்காக அழைத்து வந்திருந்தார் பேராசிரியர்.

1986-ல் நிகோபார் தீவு ஒன்றிலிருந்து அவர் ஒரு புதர்ச்செடியைக் கொண்டுவந்தார். உலகத்தில் எந்தச் செடிக்கும் இது சொந்தமில்லை என்று சொல்லி, அதற்கென்றே ஒரு புதுப் பேரினத்தை உண்டாக்கினார். பேரினத்துக்கு ஊர்ப் பெயர், செடிக்கு மனைவி பெயர்: சிதம்பரியா மங்கலமியே.

அதே வருடம் கண்ணாயிரத்தின் மகனுக்குக் காதுகுத்து. செடியின் படம் வந்த ஆங்கிலச் சஞ்சிகையைப் பேராசிரியர் சாப்பாட்டுப் பந்தியில் சுற்றுக்கு விட்டார். வாளியோடு வந்த கண்ணாயிரம் எட்டிப் பார்த்தார்.

“இது நம்ம சுடுகாட்டோரம் கெடக்குற நுணா மாரில்ல இருக்கு மாமா?”

பந்தியே சிரித்தது. பேராசிரியர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அதோடு சரி. கல்யாணம், கருமாதி எதற்கும் போகவில்லை. சுனாமி அன்றுகூட ஓர் ஆளை அனுப்பி, உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் கேட்டுவரச் சொன்னார். இருக்கிறான் என்று தெரிந்ததும் மறுபடி கோபத்தைத் தொடர்ந்தார். மங்கலம் மட்டும் வருடம் ஒருமுறை திருவந்திபுரம் பெருமாளைச் சேவிக்கிறேன் என்று சொல்லிக் கிளம்பி, கோயிலில் தம்பியைப் பார்த்துவிட்டு வருவார்.

போன மாதம்தான் சந்திரலேகா பேராசிரியர் அன்று காயவைத்துப் பாதுகாத்த அந்தச் செடியின் இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் பெங்களூர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். டிஎன்ஏ முடிவு வந்தது. செடி நுணாக் கூட்டத்துக்கு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. மங்கலமியே என்ற பெயர் பிழைக்கும், செடிகளுக்குப் பெயர் வைக்கும் விதி அப்படி. சிதம்பரியா என்று ஒன்று இனி இல்லை.

அதைப் பேராசிரியர் மேஜையில் வைத்துவிட்டு, தன் பிஎச்.டி. அன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள் அவள். பேராசிரியர் ஆறு நாள் யாரோடும் பேசவில்லை. ஏழாம் நாள் காலை அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “கெளம்பும்மா. சொன்னவன்கிட்ட போயி ஒத்துக்கணும்” என்றார்.

இப்போது டீப்பாயின் மேல் தாளை விரித்தார். கோடு கோடாகக் கிளைத்த, செடிகளின் வம்ச மரம். எங்கே தவறினார், காயின் அமைப்பு தன்னை எப்படி ஏமாற்றியது என்று இருபது நிமிடம் வகுப்பெடுத்தார். கடைசியில் மச்சான் பக்கம் திரும்பினார்.

“நீ சொன்னதுதான் சரி. நுணாதான். என்னை மன்னிச்சிடு.”

கண்ணாயிரம் தாளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“எந்தச் செடி மாமா?”

கண்ணாயிரமே தொடர்ந்தார்.

“பந்தியில நல்லி எலும்ப உங்களுக்கு வைக்காம பெரியப்பாவுக்கு வச்சிட்டேன்னுதான கோச்சிக்கினீங்க? அதுலேர்ந்து எங்க வூட்டு விசேஷத்துல நல்லியே போடறதில்லயே.”

“நல்லியா? யார்றா சொன்னது?”

கண்ணாயிரத்தின் கண் தானாக அக்கா பக்கம் போனது.

மங்கலம் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

“பின்ன? புருஷன் ஒரு செடிக்காக ஒறவ அறுத்துக்கினாருன்னு எங்க வூட்ல போயி எப்டிங்க சொல்றது? நல்லின்னா நாலு பேருக்குப் புரியும்.”

பேராசிரியர் விரித்த தாளை மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தார்.

சந்திரலேகா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அங்கே கண்ணாயிரத்தின் மனைவி பொன்னி, காப்பி டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஏற்கெனவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.