இரண்டாவது பொட்டலம்

பூசாரி மூக்கையா கண்ணை மூடிக்கொண்டு தட்டில் கைவிட்டார். அகப்பட்ட பொட்டலத்தை எடுத்து, இலையைக் கிழித்து, அம்மன் காலடியில் உதறினார்.

செவ்வரளி விழுந்தது.

கும்பிட்ட கையை எடுக்காமல் செல்லக்கிளி அந்தப் பூவையே பார்த்தாள்.

வெள்ளை வந்தால் அவள் திங்கட்கிழமை காந்திகிராமத்துக்கு வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம். சிவப்பு வந்தால் போகக் கூடாது. சின்னாளப்பட்டியில் அவள் வாழ்க்கைப்பட்ட நெசவுக் குடும்பம் தறி வாங்குவதிலிருந்து பெண் எடுப்பது வரை எல்லாவற்றுக்கும் இப்படிப் பூக்கேட்டுத்தான் செய்தது. இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. அம்மன் எதைக் கொடுக்கிறாளோ அதுதான் முடிவு.

செல்லக்கிளியைப் பெண் எடுத்ததும் ஒரு வெள்ளை அரளியைக் கேட்டுத்தான். கட்டியவன் இரண்டே வருஷத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அதற்காகப் பூவை யாரும் குறை சொல்லவில்லை. வந்தவளின் ராசி என்று முடித்துவிட்டார்கள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. எட்டாவது பாஸ். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டின் இரண்டு தறிக்கும் நூல் சுற்றுவது அவள்தான். இந்த வாசல் அடைத்துக்கொண்டால் இன்னொரு வாசல் கிடையாது.

மாமனார் வீரப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதிருந்தார்.

"வெள்ள வந்தா நானே பொட்டியத் தூக்கிட்டு வாரதாத்தான் இருந்தேன் தாயி. ஆத்தா மனசு வைக்கலையே."

கொழுந்தன் தண்டாயுதபாணி கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கறுப்புச் சட்டையோடு நின்றான். பெயரில் பழனி முருகனைச் சுமந்துகொண்டே சாமி இல்லை என்று ஊர் ஊராய்ப் பேசுகிறவன். விதவைகள் படிக்க வேண்டும் என்று அவன் பேசினால் பஸ் ஸ்டாண்டே கைதட்டும். பயிற்சிக்கு மனு எழுதிக் கொடுத்தவன் அவன். படிப்புக்குப் பூவிடம் என்ன கேள்வி என்று மூன்று நாளாய்த் தகப்பனோடு மல்லுக்கு நின்றவனும் அவன்தான். அந்த வீட்டில் தனக்கென்று ஒரு ஆள் இருக்கிறான் என்று செல்லக்கிளி நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் அவனைக்கூடப் பார்க்கவில்லை.

பொட்டலம் கட்டுவது, யாருக்காகப் பூக்கேட்கிறார்களோ அவர்களின் வேலை. காலையில் தலை முழுகிய ஈரத்தோடு அவள்தான் கட்டினாள்.

இரண்டிலும் வெள்ளையைத்தான் வைத்துக் கட்டினாள்.

பிறகு சிவப்பு எங்கிருந்து வரும்?

ஆத்தா பார்த்துவிட்டாள். பார்த்து, வெள்ளையைச் சிவப்பாக்கிக் காட்டிவிட்டாள். செல்லக்கிளி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். இனிப் படிப்பு என்ற பேச்சே எடுக்க மாட்டேன், என்னை மன்னித்துவிடு என்று கெஞ்சினாள். கட்டியவன் போனதிலிருந்து மூன்று வருஷமாகச் சாமி உண்டா இல்லையா என்று அல்லாடியவளுக்கு அந்த நிமிஷத்தில் கடுகளவு சந்தேகமும் இல்லை.

மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பூக்கேட்டவளே கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அவள் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருந்த கிணற்றடிக்குப் போனாள். போடக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

நார், அவள் கிழித்த வாழைநார்தான். முடிச்சு அவளுடையது இல்லை.

அறுந்த நூலைத் தறியில் ஒட்டுப்போடும் முடிச்சு அது. நுனி தெரியாமல் உள்ளே ஒளிந்துகொள்ளும். தறியில் உட்காருகிறவனுக்குக் கை தானாகப் போடும்; பூப் பொட்டலம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

முதலில் மாமனாரைத்தான் நினைத்தாள். அழுத அழுகையெல்லாம் நடிப்பா?

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முடிச்சு இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. மாமனார் வலக்கைக்காரர். அந்த வீட்டில் இடக்கையால் முடிச்சுப் போடுகிறவன் ஒருவன்தான். காலையில் அவள் கட்டி வைத்துவிட்டு உள்ளே போனபின், மற்றவர்கள் குளிக்கப் போயிருந்தபோது, இந்தக் கூத்துக்கெல்லாம் நான் குளிக்க மாட்டேன் என்று பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

நாரை அறுத்தாள். உள்ளே செவ்வரளி.

சாமியிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்டவர் அந்த வீட்டில் மாமனார் ஒருவர்தான். அவரைத்தான் அவள் இத்தனை நாளும் மூடநம்பிக்கை என்று மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தாள்.

போய்ச் சொல்லலாம். சொன்னால் முதலில் தான் வைத்த வெள்ளையைச் சொல்ல வேண்டும். அவன் பிரித்தபோது இரண்டு வெள்ளையையும் பார்த்திருப்பான். இவளால் வாய் திறக்க முடியாது என்பதும் அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் பூவை உள்ளங்கையில் வைத்து மூடினாள். தண்டாயுதபாணி வந்து நின்றான். அவன் முகத்திலும் வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அழாதீக மதினி. சாமியாவது பூதமாவதுன்னு நானும் தலையால அடிச்சுக்கிறேன், யாரு கேக்குறீக? சரி, வாங்க. ரெண்டு தறியும் காலையில இருந்து நூல் சுத்த ஆளில்லாம நிக்குது."