கீழே நிற்பவன்

இடுப்பு காலையிலிருந்தே வலித்தது. இப்போது அந்த வலியின்மேல் அடி விழுந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு அடிக்கும் முரசின் தாங்குகட்டை அதிர்ந்து அவன் தோளில் இடித்தது. தோளிலிருந்து முதுகு. முதுகிலிருந்து இடுப்பு.

மேடையின் பின்பக்கம், கறுப்புத் திரைக்குள் குந்தியிருந்தான். ஜப்பானிலிருந்து வந்த முரசு, ஆள் உயரத்துக்கும் மேல். முன்தோலை ஒருவர் உருட்டுக்கட்டை போன்ற கோல்களால் அடித்துக்கொண்டிருந்தார். பின்தோலுக்கு அடியில் இவன். இங்கே ஓர் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது.

மதியம் படியேற்றும்போது முரசு நழுவியது. கீழே நின்று தாங்கிய மாப்பிள்ளையை நெஞ்சோடு சுவரில் வைத்து நசுக்கிவிட்டு உருண்டது. படியடியில் கிடந்த தாங்குகட்டையில் மோதித்தான் நின்றது. கட்டையின் ஒரு கால் விரிந்துவிட்டது.

முரசுக்குக் கீறல்கூட இல்லை. ஒப்பந்தக்காரர் முதலில் அதைத்தான் தடவிப் பார்த்தார்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் புருஷன். ஆம்புலன்ஸில் தங்கைதான் கூடப் போனாள். இவனும் ஒரு காலை உள்ளே வைத்தான். ஒப்பந்தக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“நிகழ்ச்சி முடியுற வரைக்கும் முட்டுக் குடுத்து உக்காருப்பா. நீ நகந்தா ரெண்டு நாட்டு மானமும் சேந்து கவுந்துடும்.”

ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டப்போகிறவர் அவர்தான். உட்கார்ந்தான்.

தொடங்குமுன் யாரோ ஒலிபெருக்கியில், இனி இரு நாடுகளின் இதயமும் ஒன்றாகத் துடிக்கும் என்றார்கள். கைதட்டினார்கள்.

சட்டைப் பையில் போன் இருந்தது. சத்தம் வரக்கூடாது என்று அதிர்வில் வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

அதுதான் பாடாய்ப் படுத்தியது. அடி விழும்போதெல்லாம் பை நடுங்கியது. போனா, முரசா, தெரியவில்லை. இரண்டு கையும் கட்டையில். எடுத்தால் முரசு சாய்ந்துவிடும்.

முரசுதான், முரசுதான் என்று சொல்லிக்கொண்டான்.

அடி வேகமெடுத்தது. பல் கிட்டியது. முன்னால் அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். கடைசி அடி விழுந்தது.

நின்றது.

அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. கட்டை அசையவில்லை. தோல் அசையவில்லை.

பை நடுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் கைதட்டல் கூரையைப் பிளந்தது. தோளை முட்டுக் கொடுத்துக்கொண்டே ஒரு கையை எடுத்துப் போனைக் காதில் வைத்தான். தங்கைதான் கூப்பிட்டிருந்தாள். பின்னால் அவள் மாமியார், தன் மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அலறுவது மட்டும் கேட்டது.

கைதட்டல் நிற்பதாயில்லை.

படியில் பாரம் ஏற்றினால் எடை முழுக்கக் கீழே நிற்பவனுக்கு. அதனால் இவனுக்கும் மாப்பிள்ளைக்கும் இடையே ஒரு முறை உண்டு. ஏற்றும்போது ஒருவன் கீழே, இறக்கும்போது மற்றவன்.

இன்று ஏற்றும்போது கீழே நிற்கவேண்டியவன் இவன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் நின்றவனை மாப்பிள்ளைதான் தள்ளிவிட்டான்.

“உன் இடுப்பு என்ன மச்சான், வாடகை நாற்காலி மாதிரி கிரீச்சுங்குது? நீ மேல போ. இறக்கும்போது நீ கீழ நின்னுக்கோ, சரியாப் போயிடும்.”

திரை இறங்கியது. விளக்கைப் போட்டார்கள். முரசை இறக்க ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

அவன் எழுந்து, யாரும் சொல்லாமலே, போய்க் கீழ்ப்படியில் நின்றான். மேலே வேறு யாரோ பிடித்தார்கள்.

அது கணக்கில் சேராது. மாப்பிள்ளைக்கு அவன் ஒரு முறை கீழே நிற்கவேண்டிய பாக்கி அப்படியே இருக்கிறது.